டாங்கிள் போட்டால் திருட்டு நிற்குமா? நகைக்கடை பில்லிங் மென்பொருள் விவகாரம்

ஆவணிமூலவீதி_பில்லிங்:
பதினோரு வருடமாக நகைக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறேன். செய்கூலி, சேதாரம், பழைய நகை மாற்று, சீட்டுக் கணக்கு என்று ஒவ்வொன்றும் தெற்கு ஆவணி மூல வீதிக் கடைகளில் கல்லா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியது. போன வாரம் திருமங்கலத்தில் ஒரு கடைக்குப் போனால் அங்கே ஓடுவது என் மென்பொருள், என் பெயர் மட்டும் இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்த அவசரத்தில் நான் 'சேதரம்' என்று தப்பாக அடித்தது கூட அப்படியே பில்லில் வருகிறது. கடைக்காரர் யாரிடமோ 4,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். இனி யுஎஸ்பி டாங்கிள் (கம்ப்யூட்டரில் சொருகியிருந்தால்தான் மென்பொருளை ஓட விடும் பூட்டு) இல்லாமல் ஒரு காப்பி கூட விற்கப் போவதில்லை. என்ன சொல்கிறீர்கள்?

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ்:
அண்ணே, வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் டாங்கிள் வேண்டாம். அட்சய திருதியை அன்று காலையில் ஒரு கடையில் (வேறொருவர் விற்ற மென்பொருள்) கூட்டிக்கொண்டிருந்த பையன் சிபியு மேல் இடித்து டாங்கிள் உடைந்துவிட்டது. வாசலில் கூட்டம், விற்றவர் போனை எடுக்கவில்லை, மதியம் வரை கையால் பில் எழுதினார்கள். முழுக் காசு கொடுத்து வாங்கியவர் அவர். அதையே க்ராக் போட்டு (பூட்டை உடைத்து) வைத்திருந்த கடைக்கு அன்று ஒரு தொந்தரவும் இல்லை. இது என்ன நியாயம்?

வடபழஞ்சி_கோடர்:
விபி டாட்நெட்டில் எழுதியது என்றால் எக்ஸ்இ-க்குள் இருப்பது இயந்திர மொழி இல்லை, இடைநிலை மொழி. டிஎன்ஸ்பை என்று நிரலைப் பிரித்துப் பார்க்கும் கருவி இருக்கிறது, அதில் திறந்தால் நீங்கள் வைத்த ஃபங்ஷன் பெயர் முதற்கொண்டு திரும்ப வந்துவிடும், அங்கேயே திருத்திச் சேமிக்கலாம். லைசென்ஸ் சரியா என்று பார்த்து ஆம், இல்லை சொல்ல எங்கோ ஒரு ஃபங்ஷன் இருக்குமே, அதை எப்போதும் 'ஆம்' சொல்ல வைத்துவிட்டால் டாங்கிள் சொருகியிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அப்ஃபஸ்கேட்டர் போட்டால் பெயர்கள் குழம்பும், உடைப்பவருக்கு வேலை கூடும். அவ்வளவுதான்.

ஆவணிமூலவீதி_பில்லிங்:
அப்போ கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா? இரண்டு பேரும் சம்பளம் வாங்குகிறவர்கள் மாதிரி பேசுகிறீர்கள். என் வீட்டுக்கு அரிசி இதிலிருந்துதான் வருகிறது.

ஒத்தக்கடை_வக்கீல்:
சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது சார். பதிப்புரிமைச் சட்டம் 63பி-யின்படி திருட்டு நகல் என்று தெரிந்தே ஓட்டினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 'தெரிந்தே' என்பது முக்கியம், அதனால் முதலில் அந்தக் கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள், அதற்குப் பிறகு தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தவருக்கு 2012இல் வந்த 65ஏ இருக்கிறது, 2 ஆண்டு வரை.

ஆனால் பிரித்துப் பார்ப்பதே குற்றம் என்று நினைக்காதீர்கள். முறையாக வாங்கியவர், இன்னொரு நிரலை அதோடு சேர்த்து இயக்கத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது பிரித்துப் பார்க்க 52ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது.

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ்:
நன்றி சார், இதைத்தான் சொல்ல வந்தேன். மேலூரில் ஒரு கடை, மென்பொருள் விற்றவர் தொழிலையே விட்டுப் போய்விட்டார், எட்டு வருட அடகுக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து டேட்டாபேஸைப் பிரித்துத்தான் வெளியே எடுத்தேன். நானும் திருடனா?

ஆவணிமூலவீதி_பில்லிங்:
உங்களை யாரும் சொல்லவில்லை தம்பி. நீங்கள் கடைக்காரர் கணக்கை எடுத்தீர்கள். அவன் என் உழைப்பை எடுத்து விற்றான். இரண்டும் ஒன்றில்லை.

வடபழஞ்சி_கோடர்:
சரி, உருப்படியாக ஒன்று. லைசென்ஸ் கோப்பைத் தனிச் சாவியால் (பிரைவேட் கீ) கையொப்பமிட்டுக் கொடுங்கள், அந்தச் சாவி உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. போலி லைசென்ஸ் உருவாக்கும் கீஜென் எழுத வழியில்லை. அப்புறம் ஆம், இல்லை என்று மட்டும் கேட்காமல், பில்லில் அச்சாகிற கடைப்பெயரும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணும் அந்தக் கோப்பிலிருந்தே வரட்டும். ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்றிவிட்டு விற்றால் அடுத்த கடை பில்லில் முதல் கடையின் எண் வரும், எந்த நகைக்கடை அதை வாங்கும்? இதையும் உடைக்கலாம்தான், ஆனால் நீங்கள் ஒவ்வொரு அப்டேட் விடும்போதும் மறுபடி உடைக்க வேண்டும். 2023 ஏப்ரலில் எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தரும் தனி ஹால்மார்க் எண்) கட்டாயமானபோது க்ராக் கடைகள் எல்லாம் என்ன செய்தன என்று நினைத்துப் பாருங்கள்.

ஆவணிமூலவீதி_பில்லிங்:
ஜிஎஸ்டி எண் யோசனை நல்லா இருக்கிறது, இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். டாங்கிளை விட்டுவிடுகிறேன். ஆனால் 15 நாளுக்கு ஒரு தடவை என் சர்வரில் சரிபார்க்கும், பார்க்க முடியவில்லை என்றால் பில் நிற்கும்.

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ்:
மறுபடி அங்கேயே வந்துவிட்டீர்களே அண்ணே. உசிலம்பட்டிப் பக்கம் கேபிள் அறுந்தால் இணைப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள்.

ஆவணிமூலவீதி_பில்லிங்:
வெறும் எச்சரிக்கையைக் கண்டு எவனும் காசு கட்ட மாட்டான். 60 நாள் தருகிறேன், அதற்கு மேல் முடியாது.

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ்:
60 நாள் ஒத்துக்கொள்கிறேன். கெடு முடிகிற நாள் ஆவணி, தை முகூர்த்தத்தில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.