ஐயாவின் கடை எது?

குழு: வாவிக்கரை வீடு

டொரன்டோ மாமி: கல்லடியில் இருந்து ஆட்டோவில் மட்டக்களப்பு டவுனுக்கு வந்துவிட்டேன். பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே புதுப் பாலத்தால் வந்தது என்னவோ மாதிரி இருந்தது.

ரவி: புதுசு 2013இல் திறந்தது மாமி. அதுக்கு முதல் எதிரே பஸ் வந்தால் இந்தக் கரையில் காத்து நிற்க வேண்டுமே!

டொரன்டோ மாமி: மறக்குமா? பழைய லேடி மானிங் பாலம் 1924இல் வந்தது. 89 வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறது. சரி, இப்போது புளியந்தீவில் நிற்கிறேன். ஐயாவின் கடையைக் காணவில்லை.

பெரியப்பா: துணிக்கடைக்கு நேரெதிர், தங்கச்சி.

டொரன்டோ மாமி: எந்தத் துணிக்கடை அண்ணன்? நாலு இருக்கிறது. எல்லாம் கண்ணாடி.

பெரியப்பா: பூவரசடிச் சோடாக் கடையில் இருந்து மூன்றாவது.

ரவி: அந்த மரத்தை நான் பிறக்க முதலே வெட்டிவிட்டார்கள் பெரியப்பா 😂

மச்சாள்: தீவுக்குள் டவுன். சுற்றி வாவி. அகல இடமில்லை, மேலேதான் எழும்புகிறது. புதுக் கடைகள் பல கோட்டமுனைப் பாலம் தாண்டி, திருமலை வீதியோடு.

டொரன்டோ மாமி: கோட்டை அப்படியே நிற்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். ஐயா கடை நடத்தினது 31 வருஷம். போர்த்துக்கேயரைவிட மேல்!

டொரன்டோ மாமி: 📷 கண்டுபிடித்துவிட்டேன்! இப்போது போன் கடை. கண்ணாடிக் கதவுக்குக் கீழே வாசல் கல்லைப் பாருங்கள். பலகைக் கதவு செருகின பள்ளம், சீமெந்து பூசி அடைத்திருக்கிறது.

பெரியப்பா: அந்தக் காலத்தில் எல்லாக் கடைக்கும் பலகைக் கதவுதான். அது சாட்சி ஆகாது.

டொரன்டோ மாமி: வலது மூலை உடைந்திருக்கிறதே? நீங்கள் தராசுப் படிக்கல்லைப் போட்டு உடைத்த இடம். அடி வாங்கினது நான்.

பெரியப்பா: நானில்லை. சின்னவன்.

ரவி: அப்பா அப்போது தொட்டிலில் பெரியப்பா!

டொரன்டோ மாமி: கடைப் பொடியன் "என்ன அம்மா விழுந்தது?" என்று தானும் குனிந்து தேடுகிறான். வெட்கத்துக்கு ஒரு சார்ஜர் வயர் வாங்கினேன், 900 ரூபாய்.

மச்சாள்: அநியாயம் மாமி. அப்புறம், வரும்போது தயிர்ச் சட்டி இரண்டு. எருமைத் தயிர் என்று கேட்டு வாங்குங்கள்.

பெரியப்பா: தங்கச்சி, அந்த மூலையை இன்னொருக்கால் கிட்டவாக எடுத்து அனுப்பு.