மகளிர் தினக் காட்சி: யாரை வைக்கலாம்?

கேள்வி: பள்ளி நூலகத்தில் மார்ச் 8-க்கு சாதனைப் பெண்கள் அட்டைகள் வைக்கணும். சினிமா, அரசியல் தவிர வேறு யார்? சுண்ணாம்புச் சுவரில் எப்படி ஒட்டுவது?

பதில் 1: தாவரவியலுக்கு இ.கே. ஜானகி அம்மாள் (பிறப்பு 1897, தலச்சேரி). கோவையில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பொறியியலுக்கு அ. லலிதா, கிண்டியில் 1943-ல் மின்பொறியியல் பட்டம்.

பதில் 2: முத்துலட்சுமி ரெட்டியை 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று போட்டுடாதீங்க, வருஷா வருஷம் இதே கூத்து. அவர் பட்டம் 1912-ல்தான். ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி 1886-லேயே முடிச்சாச்சு. 1927-ல் சென்னை சட்டமேலவை உறுப்பினர் ஆனது, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினது, இதைப் போடுங்க.

பதில் 3: டேப் நிற்காது, சுண்ணாம்புப் பொடியோடு கழன்று வரும். ரெண்டு ஆணிக்கு நடுவே நைலான் கயிறு கட்டி கிளிப் மாட்டுங்க. ஏ3 அளவு, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை. மெல்லிசா இருந்தா ஃபேன் காத்துல சுருளும்.