டே ஆர்டர் முறைக்கு ஏற்ற வகுப்பு நினைவூட்டல் செயலி

கேள்வி:
வணக்கம். எங்கள் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்காக, வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடத்தையும் அறை எண்ணையும் அறிவிக்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதி வருகிறேன். எங்கள் கால அட்டவணை கிழமைப்படி அல்லாமல் வேலை நாட்களை ஒன்று முதல் ஆறு வரை சுழற்சியாக எண்ணும் டே ஆர்டர் முறையில் நடப்பதால், வாரந்தோறும் திரும்ப ஒலிக்கும் அலாரம் இடையில் ஒரு விடுமுறை வந்தாலே பிசகிவிடுகிறது. போதாக்குறைக்கு, சில கைப்பேசிகளில் வகுப்பு தொடங்கிய பிறகுதான் அறிவிப்பே வருகிறது. இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1:
அலாரத்தைக் கிழமையோடு பிணைக்காதீர்கள். எந்தத் தேதிக்கு எந்த டே ஆர்டர் என்று ஓர் அட்டவணையும், அந்த டே ஆர்டரின் ஒவ்வொரு பாடவேளையிலும் என்ன பாடம் என்று மற்றோர் அட்டவணையும் தரவுத்தளத்தில் இருந்தால் போதும். முதல் அட்டவணையைக் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்துப் பருவத் தொடக்கத்திலேயே நிரப்பிவிடலாம். மழைக்காக மாவட்ட ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவிக்கும் நாள்தான் உண்மையான சோதனை: அன்றைய டே ஆர்டர் மறுநாளுக்குத் தள்ளப்படுமா, விட்டுப்போகுமா என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். ஆகவே செயலி தானாக ஊகிக்கக் கூடாது. வகுப்புப் பிரதிநிதி ஒருமுறை திருத்தினால் அனைவருக்கும் போய்ச் சேரும்படி அமையுங்கள்.

மறுமொழி 2:
தாமதத்துக்குப் பெரும்பாலும் ஆண்ட்ராய்டின் மின்சேமிப்பு வசதியான டோஸ் முறையே காரணமாக இருக்கும். ஆண்ட்ராய்டு 6 பதிப்பில், 2015இல், வந்த இந்த முறை, திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் சாதாரண அலாரங்களை ஒத்திப்போடுகிறது. பின்னணிப் பணிகளைத் திட்டமிட உதவும் ஆண்ட்ராய்டு நிரல் நூலகமான ஒர்க்மேனேஜரும் இதற்கு உதவாது. அதில் திரும்ப நிகழும் பணிக்குக் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம், அதுவும் சொன்ன நேரத்தில் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. டோஸிலும் ஒலிக்கக்கூடிய துல்லிய அலாரத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அது இயல்பாகவே மறுக்கப்பட்டிருக்கும் என்பதால், முதல் முறை திறக்கும்போதே காரணத்தைச் சொல்லி மாணவரை அமைப்புகள் பக்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அறிவிப்பு காட்டுவதற்கும் ஆண்ட்ராய்டு 13 முதல் அனுமதி கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பருவம் முழுவதற்குமான அலாரங்களை ஒரே நேரத்தில் பதிந்துவிடலாமா?

மறுமொழி 2:
வேண்டாம். அடுத்து வரும் ஒரு வகுப்புக்கு மட்டும் பதியுங்கள். அது ஒலித்ததும் அட்டவணையைப் பார்த்து அதற்கடுத்ததைப் பதியுங்கள். டே ஆர்டர் மாறினால் அப்போது நீக்க வேண்டியது ஒரே ஓர் அலாரம்தான். கைப்பேசியை அணைத்துப் போட்டால் பதிந்தவை அழிந்துவிடும் என்பதால், அது மீண்டும் இயங்கியதும் அடுத்த வகுப்பைப் பதியும் நிரலையும் மறவாமல் சேர்த்துவிடுங்கள்.