ஆடு வளர்க்கும் பெண் எந்தக் கணக்கில் வருவார்? கள ஆய்வு செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் வட்டாரப் பெண்களின் உழைப்பைப் பதிவு செய்ய ஒரு வினாப்பட்டியல் தயாரிக்கிறேன்.

தேசியத் தொழிலாளர் ஆய்வில், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவருக்குக் குறியீடு 21, அவர் தொழிலாளர். வீட்டுவேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. இவர் தொழிலாளர் கணக்கிலேயே சேரமாட்டார். ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்றால், ஆடு வளர்த்து விற்பவர்கூட ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்கிறார். பல வீடுகளில் பதில் சொல்வதே கணவர்தான். இப்படி 92க்குள் போய்விட்டவர், கடனோ பயிற்சியோ குழந்தைகள் காப்பகமோ திட்டமிடும்போது யார் கண்ணிலும் படுவதில்லை. என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். பயனுள்ள தகவல்தான். ஆனால் எங்கள் திட்டத்துக்கு ஊர் அளவிலான விவரம் வேண்டும்.

மறைந்துபோகும் உழைப்பை வெளிக்கொணர நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? விடியலிலிருந்து இரவு வரை மணிவாரியாகக் கேட்டால் பெண்கள் சலித்துக்கொள்கிறார்களா? கணவர் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சமாளித்தீர்கள்? தமிழில் பயன்படுத்திய படிவம் இருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, பகிருங்கள். கணக்கெடுப்பாளர்களுக்கு அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது.