மறு: பனித்தெள்ளு வேண்டாம், 'வில்வாலி' எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்டெயில்' (ஸ்பிரிங் வால்) எனப்படும், தாவும் சிற்றுயிருக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை இது:

> ஆங்கிலத்தில் 'ஸ்னோ ஃப்ளீ', ஜெர்மன் மொழியில் 'கிளெட்ஷர்ஃப்ளோ'. இரண்டிலும் தெள்ளுதான் இருக்கிறது. நாமும் 'பனித்தெள்ளு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் தெள்ளு என்றதும் சொறிந்துகொள்ளும் நாய்தான் கண்ணில் வரும். இதுவோ யாரையும் கடிக்காது. அல்ப்ஸ் பனியாறுகளில் காற்று கொண்டுவந்து போடும் பைன் மகரந்தத்தையும் பனிமேல் படரும் பாசியையும் தின்று பிழைக்கிறது. நீளம் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வெள்ளை வேட்டியில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் தெரியும். குனிந்து பார்த்தால் தூள் துள்ளும்.

அந்தத் துள்ளலில்தான் பெயர் இருக்கிறது. தெள்ளு பின்னங்காலால் தாவும். இதற்கோ வயிற்றுக்கு அடியில் கவட்டை போன்ற வால் ஒன்று மடங்கிக் கிடக்கும், ஒரு சின்னக் கொக்கி அதை இழுத்துப் பிடித்திருக்கும். கொக்கி விட்டதும் வால் தரையில் அறையும், ஆள் அந்தரத்தில்! எலிப்பொறியின் கம்பி மாதிரி.

முதலில் 'வாலுந்தி' என்று எழுதிப் பார்த்தேன். உந்தி என்றால் தொப்புளும் ஆகுமே என்று வீட்டில் சிரித்தார்கள். 'கவைவாலி' என்றால் வாலில் இடுக்கி வைத்திருக்கும் வேறு பூச்சிகளும் பங்கு கேட்கும். ஸ்பிரிங்கைச் சுருள்வில் என்று பாடநூலில் ஏற்கெனவே படிக்கிறோம், ஆகவே வில்வாலி. வில்லையும் வாலியையும் சேர்த்தால் இராமன் மறைந்து நின்று அம்பு விட்டது நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், பெயர் மறக்காது.

பொதுப்பெயரில் 'பனி' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்: இந்த இனத்தில் பெரும்பாலானவை மண்ணில் வாழ்பவை, நம் வீட்டுப் பூந்தொட்டியிலும் உண்டு. தவிர, மார்கழியில் புல்லில் நிற்பதும் நமக்குப் பனிதான். தேவைப்படும் இடத்தில் அடைமொழி சேர்ப்போம்: அல்ப்ஸில் இருப்பது பனியாற்று வில்வாலி, வட அமெரிக்காவில் குளிர்காலக் கடைசியில் மொய்ப்பது வெண்பனி வில்வாலி. பின்னதன் உடலில் உறைதடுப்புப் புரதம் இருப்பதை 2005இல் அறிவித்தார்கள்.

'பூச்சி' என்றும் ஒட்ட வேண்டாம். ஆறு கால் இருந்தாலும் வாயுறுப்புகள் தலைக்குள் புதைந்திருப்பதால் இப்போது தனி வகுப்பாக வைக்கிறார்கள். பூச்சிக்குப் பங்காளி என்று சொல்லலாம்.

சரி, ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: "இமயமலையில் 6,700 மீட்டர் உயரம் வரை காணப்படும் தாவும் சிலந்தி, வில்வாலிகளைப் பிடித்துத் தின்னும்."

எங்காவது இடறுகிறதா?