‘விளக்குப்பாடு’: விளக்கொளியில் படிப்பதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘லூக்குப்ரேஷன்’ (lucubration) என்னும் ஆங்கிலச் சொல் இரவில் விளக்கொளியில் அமர்ந்து படிப்பதையும் எழுதுவதையும் குறிக்கும். அதற்குத் தமிழில் வந்துள்ள ‘நள்ளிரவுக் கல்வி’, ‘யாமப் பயில்வு’ ஆகிய இரண்டு பரிந்துரைகளும் செவிக்கு இனியவைதாம். ஆயினும் இரண்டும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கை விட்டுவிட்டன. இலத்தீனில் ‘லூக்ஸ்’ என்றால் ஒளி. அதற்கு உறவான ‘லூக்குப்ராரே’ என்னும் வினை விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்வதைக் குறித்தது. உரோம அறிஞர் மூத்த பிளினியைப் பற்றி அவருடைய மருமகன் எழுதிய கடிதத்தில், ஆகஸ்டு 23 அன்று வரும், நெருப்புக் கடவுளான வல்கனின் திருவிழா முதற்கொண்டே அவர் விடியலுக்கு வெகுநேரம் முன்பாக விளக்கேற்றிப் படிக்கத் தொடங்குவார் என்றும், குளிர்காலத்தில் இரவின் ஏழாம் மணிக்கோ, மிகப் பிந்தினால் எட்டாம் மணிக்கோ அமர்ந்துவிடுவார் என்றும் வருகிறது. உரோமர் இரவைப் பன்னிரண்டு கூறாக்கி எண்ணியவர்கள். எனவே ஏழாம் மணி நள்ளிரவில் பிறக்கும். நாளை ஆறாகப் பகுக்கும் நம் சிறுபொழுதுக் கணக்கில் அந்தப் படிப்பு யாமத்தின் (இரவு 10 முதல் 2 மணி வரை) பின்பகுதியில் தொடங்கி வைகறைக்குள் (2 முதல் 6 மணி வரை) நீள்வது. சொல்லை யாமத்தோடு கட்டிவிட்டால், வைகறையில் படித்த பிளினி அதற்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அந்த வினை படிப்புக்கு மட்டும் உரியதும் அன்று. உரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலில், லுக்ரேசியா என்னும் உயர்குடிப் பெண் இரவு வெகுநேரம் பணிப்பெண்கள் நடுவே அமர்ந்து கம்பளி நூற்கும் இடத்தில், விளக்கொளியில் வேலை செய்யும் அப்பெண்களுக்கு இதே வினைதான் வருகிறது. சேலத்தில் நெசவாளர் வாழும் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: குழியில் காலிட்டு நெய்யும் குழித்தறிக்கு மேலே தொங்கும் விளக்கில் பெரியவர் பாவில் அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருக்க, அதே வெளிச்சத்தின் ஓரத்தில் பிள்ளை பாடம் படித்துக்கொண்டிருக்கும். இருவர் செய்வதையும் ஒரே சொல்லால் சுட்டும் வசதி இலத்தீனுக்கு இருந்தது, நமக்கும் இருக்கட்டும்.

ஏற்காட்டு நண்பர் முன்வைத்த ‘சுடர்ப்பாடு’ இந்த வகையில் மற்றவற்றைவிட நெருங்கி வருகிறது. பாடு என்பதில் உழைப்பும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. ஆனால் சுடர் ஞாயிற்றையும் குறிக்கும். ஞாயிறு சாயும் பிற்பகலுக்கு வழங்கும் ‘எற்பாடு’ என்னும் சிறுபொழுதுப் பெயரை அறிந்தவர்கள் ‘சுடர்ப்பாடு’ என்பதையும் ஞாயிறு சாயும் பொழுது என்றே கொள்வார்கள். ஆகவே ‘பாடு’ என்பதை வைத்துக்கொண்டு ‘சுடர்’ என்பதை மாற்றி, ‘விளக்குப்பாடு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ‘விளக்குப்பாடு படுதல்’ என வினையும் இயல்பாகவே அமைகிறது.

‘லூக்குப்ரேஷனுக்கு’ இன்னொரு பொருளும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், நாளடைவில் அளவுமீறி உழைத்து உயிர்ப்பை இழந்த எழுத்தைக் கிண்டலாகக் குறிக்கவும் பயன்பட்டது. கிரேக்கத்தில் நாவலர் டெமாஸ்தனீசின் வாதங்களில் விளக்குத்திரி நாறுகிறது என்று, அவருடைய எதிராளியான பித்தியஸ் ஏளனம் செய்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். இந்த ஏளனம் அவ்வளவு பழையது. இதற்குத் தனிச்சொல் தேவையில்லை. ‘அன்னாருடைய விளக்குப்பாடுகள்’ என்று பன்மையில் எழுதினாலே குத்தல் புரிந்துவிடும். அகராதிப் பதிவில் இதை இரண்டாம் பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.