வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உள்ளுக்குள் வெறுமையாக இருக்கிறதா?

வேலை, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஓரளவு அமைந்த பிறகுதான் இந்த வெறுமை தலைகாட்டும். பலரும் உடனே பக்கத்தில் கோயில் இருக்கிறதா, தமிழில் பூசை நடக்கும் சர்ச் இருக்கிறதா, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று தேடுவார்கள். தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் நாளில் ஒரு பத்து நிமிடத்தைப் பிடித்து வையுங்கள். ஊரில் நாம் மறந்தாலும் மணியோசையோ பாங்கோ நினைவுபடுத்திவிடும். இங்கே அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது. வார இறுதியில் மட்டும் போய் வரும் வழிபாடு, வேலை நெருக்கும் மாதத்தில் முதலில் நின்றுபோகும்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சூரியனோடு கட்டாதீர்கள். லண்டனில் டிசம்பர் கடைசியில் விடியவே காலை 8 மணி ஆகிவிடும், மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும். ஜூனிலோ இரவு 9 மணி தாண்டித்தான் சூரியன் மறையும். குளித்து முடித்ததும், போனைத் தொடுவதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால் எந்தப் பருவத்திலும் நிலைக்கும். ஜபமோ, பைபிள் வாசிப்போ, சும்மா கண்மூடி உட்காருவதோ, எதுவானாலும் சரி.

விரதம் இருப்பவர்கள் ஊர்க் காலண்டரை அப்படியே பார்க்க வேண்டாம். திதி தொடங்கும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் விரத நாளைக் கணிப்பது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தையும் மறைவையும் வைத்து. அதனால் அமெரிக்காவில் ஏகாதசியோ பிரதோஷமோ சில சமயம் ஊரைவிட ஒரு நாள் முன்னதாக வரும். பஞ்சாங்கச் செயலியில் நீங்கள் இருக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொழுகை நேரத்துக்கும் உள்ளூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையே சரி. வடக்கே போகப் போக கோடையில் இஷா என்ற இரவுத் தொழுகை நள்ளிரவை நெருங்கும்.

வாடகை வீட்டில் விளக்கேற்றும் முன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். திறந்த நெருப்பு கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். கற்பூரமும் சாம்பிராணியும் புகை அலாரத்தை அலறவிடும், சில கட்டடங்களில் எல்லோரும் படியிறங்கி வெளியே நிற்க வேண்டிவரும். அதற்காக அலாரத்தை பிளாஸ்திரி போட்டு மூடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. சின்ன மின்விளக்கு போதும். சாமி கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது மனிதர்கள். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு அரை மணியில் திரும்பினால் வருடக்கணக்கில் போனாலும் யாரையும் தெரியாது. அடுப்படிக்குப் போய் "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேளுங்கள். காய் நறுக்கும்போதும் அண்டா கழுவும்போதும்தான் பேச்சு வளரும். வெளிநாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் தொண்டர்களை நம்பித்தான் நடக்கின்றன, வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அருகில் நம் கோயிலே இல்லையென்றால் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறதா பாருங்கள். அங்கே லங்கர் என்ற இலவசப் பந்திச் சாப்பாடு எல்லா மதத்தாருக்கும் உண்டு, பரிமாறவும் சேர்த்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், தனியே தியானம் செய்வதைவிட இந்த வேலை வெறுமையைச் சீக்கிரம் கரைக்கும்.

தியானத்தை முறையாகக் கற்க விரும்பினால், எஸ்.என். கோயங்கா கற்பித்த விபாசனா என்ற தியான முறைக்கான மையங்கள் பல நாடுகளில் உள்ளன. 10 நாள் பயிற்சி, கட்டணம் கிடையாது, முடித்தவர்களின் நன்கொடையில்தான் நடக்கிறது. பேசக்கூடாது, போனைக் கொடுத்துவிட வேண்டும். கடுமையானது என்பதால், மனம் மிகவும் கலங்கியிருக்கும் நேரத்தில் போகாதீர்கள்.

தனிமையில் இருப்பவர்களை மோப்பம் பிடித்து வரும் கூட்டங்களும் உண்டு. "குடும்பத்தோடு பேசுவதைக் குறையுங்கள்" என்றாலோ, அடுத்தடுத்த நிலைக்குக் காசு கேட்டாலோ அன்றோடு விலகிவிடுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் பதிவுபெற்ற அறக்கட்டளைகளின் வரவு செலவை அறக்கட்டளை ஆணையத்தின் (Charity Commission) இணையதளத்திலேயே பார்க்கலாம். நன்கொடை கொடுக்கும் முன் அங்கே பெயரைத் தேடுங்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதை ஆன்மிகக் குறை என்று எண்ணி விரதத்தைக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் போங்கள், வழிபாடும் கூடவே நடக்கட்டும். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால், பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல நாடுகளின் மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு.